கண்ணைப் பொத்திக்கொண்ட குழந்தைகள்

1960களின் பிற்பகுதி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பிங் மழலையர் பள்ளியில், சின்னஞ்சிறு குழந்தைகளிடம் உளவியலாளர் வால்டர் மிஷல் ஒரு பேரம் பேசினார். உடனே வேண்டுமென்றால் சின்னப் பரிசு. பெரியவர் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் பெரிய பரிசு. ‘மார்ஷ்மெல்லோ சோதனை’ என்று உலகம் அறிந்தது இதைத்தான். பொறுத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாக முன்னேறினார்கள் என்ற செய்தி எங்கும் பரவியது. 2018இல் வேறு ஆய்வாளர்கள் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை அலசினார்கள். குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு மங்கிவிட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அறைக்குள் நடந்தது. பரிசாக வைத்த தின்பண்டம் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகளால் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மறைத்து வைத்தபோது நெடுநேரம் காத்திருந்தார்கள். சிலர் கைகளால் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், சிலர் பாட்டுப் பாடினார்கள், தூங்கிவிடக்கூட முயன்றார்கள். ஆசையோடு மல்லுக்கு நிற்காமல் விலகிக்கொள்ளத் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

எடை குறைக்க நினைப்பவரிடம் நாம் இதற்கு நேர்மாறாகக் கேட்கிறோம். மிக்சர் டப்பாவைக் கூடத்தில் திறந்து வைத்துவிட்டு, “கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா?” என்கிறோம். இது அநியாயம். அவருடைய உடம்பே அவர் பக்கம் நிற்பதில்லை. பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் இருந்து எடை குறைத்தவர்களை மெல்பர்ன் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டு கழிந்த பின்னும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அவர்களுக்குக் கூடுதலாகவும், போதும் என்று உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவாகவும் இருந்ததை 2011இல் வெளியிட்டார்கள். அந்தப் பசி உண்மையான பசி.

தட்டில் இருப்பதும் நம்மை ஆட்டுவிக்கிறது. 2019இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார். இரண்டிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு வந்த நாட்களில் அதே மனிதர்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள்.

எனவே கட்டுப்பாட்டைச் சாப்பாட்டு வேளையில் தேடாமல், மளிகைப் பட்டியல் எழுதும்போதே தொடங்கலாம். வீட்டுக்குள் வராத பொட்டலத்தை ராத்திரி பத்து மணிக்கு யாரும் பிரிக்க முடியாது. இதில் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. எடையைக் குறைக்கச் சொல்லி ஒருவருக்கு டாக்டர் அறிவுறுத்தினால், சாயங்கால பஜ்ஜியை வீடே நிறுத்தட்டும். அவருக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் சுண்டல் வேண்டாம். எல்லோரும் சுண்டலே சாப்பிடலாம்.