டயர் வெடிப்பது தெய்வச் செயல் அல்ல

2010 அக்டோபர் 25 அன்று புனேயிலிருந்து மும்பைக்கு வந்துகொண்டிருந்த ஒரு காரின் பின் டயர் வெடித்து, கார் பள்ளத்தில் பாய்ந்தது. அதில் பயணம் செய்த ஒருவர் இறந்துபோனார். குடும்பத்தார் வழக்குப் போட, 2016-இல் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. டயர் வெடித்தது தெய்வச் செயல், அதற்கு யார் பொறுப்பு என்பது அவர்கள் வாதம். 2023 பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அதிவேகம், காற்று கூடுதலோ குறைவோ, பழைய டயர், சூடு என்று வெடிப்புக்குக் காரணங்கள் இருக்கின்றன. கிளம்புமுன் டயரைப் பார்க்க வேண்டியது ஓட்டுநரும் உரிமையாளரும்தான். பார்க்காமல் விட்டால் அது மனித அலட்சியம் என்றது நீதிமன்றம்.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் கார் வைத்திருப்பவர்கள், டாக்சி ஓட்டுபவர்கள் இந்தத் தீர்ப்பை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. டயரும் பேரிங்கும் பல சமயம் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் கைவிடுகின்றன. நாம்தான் பாட்டைக் கூட்டி வைத்து அதை அமுக்கிவிடுகிறோம்.

முதலில், சத்தம் ரோட்டுடையதா வண்டியுடையதா என்று பிரிக்க வேண்டும். மும்பையில் இது கொஞ்சம் குழப்பம்தான். தெருவுக்குத் தெரு கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வழுக்காமலிருக்க அதில் குறுக்கே கோடு கீறியிருப்பார்கள், அதன்மேல் எந்த டயரும் ஊளையிடும். ஈஸ்டர்ன் ஃப்ரீவே மேம்பாலத்தில் ஒரே இடைவெளியில் வரும் ‘தட், தட்’ பாலத்தின் இணைப்புகள் போடுவது. அதற்காக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட வேண்டாம். கான்கிரீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கியதும் சத்தம் அடங்கினாலோ சுருதி மாறினாலோ அது டயருக்கும் ரோட்டுக்கும் இடையிலான விஷயம். எந்த ரோட்டிலும் ஒரே மாதிரி ரீங்கரித்து, வேகத்தோடு ஏறி இறங்கினால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். காலி ரோட்டில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பும்போது சத்தம் கூடினால், பாரம் விழுகிற வலப்பக்க பேரிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் ‘டக் டக்’ என்றால் ஆக்சில் ஜாயின்ட். எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கினால் பாலன்சிங்.

டயர்தான் என்று தோன்றினால் கையாலேயே சோதிக்கலாம். வண்டியை நிறுத்தி, டயர் ஆறிய பிறகு, கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பட்டன்களின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுவென்றும் எதிர்ப்பக்கம் ரம்பப் பல் போலவும் உறுத்தினால் அலைன்மென்ட் கெட்டிருக்கலாம், டயரை முன்பின் மாற்றிப் போடாமலே ஓட்டியிருக்கலாம். மேடும் குழியுமாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டுப் புது டயர் போட்டால் அதுவும் அப்படித்தான் தேயும்.

தள்ளிப்போடவே கூடாதது ஒன்று உண்டு. மெதுவாகப் போகும்போதே சக்கரம் சுற்றுகிற கணக்கில் ‘தொப், தொப்’ என்று அடித்தால் உடனே ஓரங்கட்டி டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். குழியில் அடிபட்டு உள்ளே இழை அறுந்தால் அந்த இடம் கொழுக்கட்டை மாதிரி புடைத்து நிற்கும். பங்க்சர் கடைக்காரர் இன்னும் ஓடும் என்று சொன்னாலும் ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள்.

சட்டமும் அளவு வைத்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள்படி கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஸ்கேல் வேண்டியதில்லை, பள்ளத்துக்குள் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும், பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் டயரின் ஆயுசு முடிந்தது. வயதைச் சொல்வது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. சொசைட்டியில் நிறுத்தி வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற கார்களில் பட்டன் அப்படியே இருக்கும். ஆனால் ரப்பர் இறுகிப்போய் இரைச்சல் போடும். மலிவுக்கு செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குகிறவர்களும் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். மொட்டை டயரில் புதுசாகப் பள்ளம் வெட்டி, கறுப்புப் பூசி விற்பதும் நடக்கிறது. பள்ளத்தை வெட்டிவிடுவார்கள், எண்ணை மாற்றுவது கஷ்டம். புது டயரென்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். டயர் உருளும் சத்தத்துக்கே வரம்பு வைத்து 2022-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியிருக்கிறது.

புது டயர் சத்தம் போட்டால்? கார் வாரன்டி வேறு, டயர் வாரன்டி வேறு. டயருக்குப் பொதுவாக டயர் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். டீலர் பார்த்துவிட்டு, இது குழியில் அடிபட்டது, கம்பெனிக் குறையில்லை என்று கையை விரிப்பது வழக்கம். அதை வாயால் சொல்ல விடாதீர்கள். காரணத்தோடு எழுதி வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பில், சத்தத்தைப் புகாராகக் குறித்த ஜாப் கார்டு, ஓடிய கிலோமீட்டர், போட்டோ, கழற்றிய டயர் எல்லாம் உங்களிடம் இருக்கட்டும். டயரை அங்கேயே விட்டுவிட்டால் சாட்சியம் போயிற்று. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. தேவைப்பட்டால் டயரை லேபில் சோதிக்க ஆணையமே அனுப்பும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் பாலிசியின் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் கெட்டால் ஒன்றும் வராது. அதே விபத்தில் வண்டியும் சேதமானால்தான் டயருக்குப் பாதி விலை. முழுசாக வேண்டுமென்றால் டயருக்கென்று தனியாக ஆட்-ஆன் எடுக்க வேண்டும். அதிலும் சாதாரணத் தேய்மானம் சேராது.