அவர் ஊருக்குப் போனால் உங்களுக்குப் பசிக்காதா?

"அவர் இருந்தாத்தான் டாக்டர் குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாம். அவர் ஊருக்குப் போயிட்டா பிள்ளைங்களுக்கு எதையாவது செஞ்சு கொடுத்துட்டு, எனக்கு ஒரு டம்ளர் காபி போதும்!"

என்னிடம் வரும் தாய்மார்கள் பலர் இதைப் பெருமையாகவே சொல்வார்கள். மார்க்கெட்டிங், ஆடிட், மெஷின் சர்வீஸ் என்று கணவர் மாதத்தில் பாதி நாள் வெளியூரில். ஸ்கூல் வேன், கேஸ் சிலிண்டர், மாமியாரின் பிரஷர் மாத்திரை எல்லாமே இவர்கள் தலையில். கடைசியில், "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று வந்து நிற்பார்கள். கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் வெளுத்திருக்கும்.

இதுதான் ரத்தசோகை. சித்த மருத்துவத்தில் பாண்டு என்போம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை இருந்தது.

அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்கிறது சித்த மருத்துவம். பசி, தாகம், தூக்கம், சிறுநீர் நான்கும் அதில் உண்டு. வீட்டைத் தனியாகச் சுமக்கிற நீங்கள் தினமும் அடக்குவது இந்த நான்கையும்தானே?

பசி: பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றும்போதே உங்களுக்கும் சேர்த்து ஊற்றுங்கள். மிச்சம் மீதியை நம்பாதீர்கள். வாரம் மூன்று நாளாவது முருங்கைக்கீரை அல்லது வேறு கீரை, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். காபி, டீ அதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

தாகம், சிறுநீர்: வேலை மும்முரத்தில் இரண்டையும் அடக்கினால் நீர்க்கடுப்பு வரும். எரிச்சலோடு குளிர்காய்ச்சலும் விலாவில் வலியும் இருந்தால் கைவைத்தியம் வேண்டாம். 'அவர் வரட்டும்' என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

தூக்கம்: கேஸ், பின்கட்டுக் கதவு, வாசல் பூட்டு மூன்றையும் ஒரே முறை வரிசையாகப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுங்கள். 108, பக்கத்து வீட்டு நம்பர், குடும்ப டாக்டர் நம்பர் மூன்றையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். பாதி பயம் குறையும்.

ஒரு எச்சரிக்கை. சோகை என்றதும் அயச்செந்தூரத்தை நீங்களே வாங்கிச் சாப்பிடாதீர்கள். அதிக மாதவிலக்கு, குடற்புழு, மூலம் என்று ஆளுக்கு ஆள் காரணம் மாறும். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் மருந்து.

வெளியூரில் இருக்கும் கணவர்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி போனில் "பசங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்கிறீர்கள், சரி. "நீ என்ன சாப்பிட்டே?" என்றும் கேளுங்கள். "சாப்பிட்டேன்" என்று மட்டும் பதில் வந்தால் விடாதீர்கள். என்ன சாப்பிட்டார் என்று சொல்லும்வரை கேளுங்கள்!