சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்துங்கள்: எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் ஃபேன் பெல்ட் மாற்றுவது எப்படி?

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வெயில் அடித்தால் போதும், மேல் துணியை மடக்கிவிட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் சாலைக்கு வந்துவிடும். அவற்றில் அடிக்கடி கண்ணில் படுவது எம்ஜிபி. ஆக்ஸ்ஃபோர்டில் ‘மோரிஸ் கராஜஸ்’ என்ற பெயரிலிருந்து பிறந்த எம்ஜி நிறுவனம், அருகிலுள்ள அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரித்த கார் இது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல் உருவாயின.

கடைசியாக வந்த எம்ஜிபிக்கே இப்போது 40 வயது தாண்டிவிட்டது. பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத, 40 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு ‘எம்ஓடி’ எனப்படும் ஆண்டுச் சோதனை பிரிட்டனில் 2018 மே மாதம் முதல் கட்டாயமில்லை. ஆக, வருஷத்துக்கு ஒருமுறையாவது வேறொருவர் வண்டியைப் பார்ப்பார் என்ற நிலையும் போய்விட்டது. பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டியது உரிமையாளர்தான். அப்படிப் பார்க்க வேண்டியவற்றில் மிக மலிவானதும், மிக எளிதாக மறக்கப்படுவதும் ஃபேன் பெல்ட்.

ஒரு பெல்ட், மூன்று வேலை

எஞ்சினின் முன்பக்கம் கீழே கிராங்க் ஷாஃப்ட் புல்லி. மேலே நடுவில் வாட்டர் பம்ப் புல்லி, அதன் முகத்திலேயே விசிறி. பக்கவாட்டில் டைனமோ. இந்த மூன்றையும் சுற்றி ஓடும் ரப்பர் வளையம்தான் ஃபேன் பெல்ட். பெயரில் விசிறி மட்டும் இருந்தாலும், எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்ற வைப்பதும், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவதும் இதே பெல்ட்தான். 1967 இறுதியில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வந்தது. கடைசி ஆண்டுகளில் வந்த கார்களில் விசிறி மின்சாரத்தில் ஓடியது. ஆனாலும் வாட்டர் பம்ப் பெல்ட்டை நம்பித்தான் இருந்தது.

பெல்ட் அறுந்தால் முதலில் தெரிவது டேஷ்போர்டில் எரியும் சிவப்பு இக்னிஷன் விளக்கு. பேட்டரிக்கும் டைனமோவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் விளக்கு அது. இரண்டு பக்கமும் மின்னழுத்தம் சமமாக இருக்கும்வரை எரியாது. டைனமோ நின்றுவிட்டால் ஒரு பக்கம் காலி, விளக்கு பளிச்சென்று எரியும். “சார்ஜ்தானே ஏறலை, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்” என்று ஓட்டிக்கொண்டே போவதுதான் ஆபத்து. பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும், எஞ்சின் தாங்காது. தண்ணீர் சுற்றாமல் ஓரிடத்தில் நின்றால் சில நிமிடங்களில் கொதிக்கும். பிறகு ஹெட் கேஸ்கெட் போகலாம், சிலிண்டர் ஹெட்டே வளையலாம். சில பவுண்டில் முடிய வேண்டிய செலவு எஞ்சினைப் பிரிக்கும் வேலையில் போய் நிற்கும்.

வெப்பமானியை மட்டும் நம்புவதும் சரியல்ல. தண்ணீர் ஆவியாகி வெளியேறிவிட்டால், அதன் உணர்முனை தண்ணீரில் நனையாமல் நிற்கும்; முள் கீழே இறங்கவும்கூடும். ‘சூடு குறைஞ்சிடுச்சு’ என்று நிம்மதியாகும் நேரத்தில் உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.

இஞ்ச் ஸ்பேனர் எங்கே?

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

அடுத்து பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். 1974 வரை வந்த கார்களில் ஒரே 12 வோல்ட் பேட்டரி கிடையாது. இருக்கைகளுக்குப் பின்னால், ஒரு மூடிக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் ஒளிந்திருக்கும். (அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஒருநாளும் அவற்றைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்!) 1967 வரை வந்த எம்ஜிபி எல்லாம் ‘பாசிட்டிவ் எர்த்’. அதாவது, கார் உடலோடு இணைவது பிளஸ் முனை. திரும்ப மாட்டும்போது இன்றைய கார் பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது.

ஸ்பேனரிலும் கவனம் வேண்டும். இந்தக் காரின் போல்ட்கள் இஞ்ச் அளவு. அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ. கையில் இருக்கிற 13 மி.மீ. ஸ்பேனர் ஏறக்குறைய உட்காரும். அந்த ‘ஏறக்குறைய’தான் வினை. 50 வருடத் துருவோடு இறுகிப்போன போல்ட்டில் தொளதொளவென்று மாட்டி இழுத்தால் மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிடும்.

நம்ம ஊர் பழைய மெக்கானிக்குகளுக்கு இந்த எஞ்சின் அந்நியமே இல்லை. எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும், அம்பாசிடரில் பல்லாண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் பிஎம்சி நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ குடும்பத்தைச் சேர்ந்தவை. அம்பாசிடரில் பெல்ட் மாற்றியவர் கையில் எம்ஜிபியைக் கொடுத்தால், பானெட்டைத் திறந்ததும் “அட, இதுவா!” என்பார்.

எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது?

டைனமோவை மேலே இரண்டு போல்ட்கள் பிடித்திருக்கும். கீழே நீளத் துளை கொண்ட ஒரு பட்டை. அதன் ஒரு முனையை டைனமோவோடும் மறுமுனையை எஞ்சினோடும் பிணைக்க ஆளுக்கொன்று. இந்த நான்கையும் தளர்த்தினால் போதும், எதையும் முழுசாகக் கழற்ற வேண்டாம். எஞ்சின் பக்கத்து முனையைப் பலர் விட்டுவிடுவார்கள். பிறகு, “டைனமோ அசையவே மாட்டேங்குதே” என்று அதோடு மல்லுக்கட்டுவார்கள்.

தளர்ந்த டைனமோவை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் தொய்யும். முதலில் டைனமோ புல்லியிலிருந்து எடுத்துவிட்டு, மற்ற இரண்டிலிருந்தும் விடுவிக்கலாம். அடுத்துதான் பொறுமை தேவை. விசிறி ரேடியேட்டருக்கு முகம் காட்டி நிற்பதால் பெல்ட் நேராக வெளியே வராது. விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே, ஒவ்வொரு இறக்கையாகத் தாண்டி எடுக்க வேண்டும். புது பெல்ட்டை உள்ளே விடுவதும் இதே வழியில்தான். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் விரலைக் கீறும். விரல் பட்டால் அவையும் மடங்கும். நடுவில் ஓர் அட்டையைச் செருகிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது.

பெல்ட் வெளியே வந்ததும் ஒரு நிமிடம் புல்லிகளைப் பாருங்கள். இது ‘வி’ வடிவ பெல்ட். பள்ளத்தின் இரு சுவர்களையும் ஆப்பு மாதிரி இறுக்கிப் பிடித்துத்தான் இழுக்கும், அடியைத் தொடக் கூடாது. பள்ளத்தின் அடி கண்ணாடி போலப் பளபளத்தால், பெல்ட் உள்ளே இறங்கி வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம். தேய்ந்த பெல்ட்டாக இருக்கலாம், அகலம் குறைந்த தவறான பெல்ட்டாகவும் இருக்கலாம். வாட்டர் பம்ப் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பெல்ட்டோடு பம்ப்பையும் மாற்ற வேண்டிய நேரம் அது.

எவ்வளவு இறுக்கலாம்?

பெல்ட் மாற்றுவதில் உண்மையான வேலை இதுதான். பெல்ட்டின் மிக நீளமான ஓட்டத்தில், நடுப்பகுதியை விரலால் மிதமாக அழுத்தினால் அரை இஞ்ச், அதாவது சுமார் 13 மி.மீ. உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ‘கீச்ச்’ என்று கத்தும், சார்ஜ் குறையும், எஞ்சின் சூடாகும்.

கத்துவது காதில் விழுவதால் தொய்வைக் கண்டுபிடித்துவிடலாம். அதிக இறுக்கம் சத்தமே போடாது. பெல்ட் வீணைத் தந்தி மாதிரி நின்றால் வாட்டர் பம்ப் பேரிங்கும் டைனமோ பேரிங்கும் ஒரே பக்கமாக இழுபட்டு, மாதக்கணக்கில் மெதுவாகத் தேயும். ஒருநாள் பம்ப்பின் அடியில் தண்ணீர் சொட்டும்போது, யாரும் பெல்ட்டைச் சந்தேகப்பட மாட்டார்கள். ‘இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே’ என்று கடைசியாகப் போடும் அந்த ஒரு இழுப்புதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு.

டைனமோவை வெளியே இழுத்துப் பிடிக்கப் பலரும் கம்பியால் நெம்புவார்கள். பெரும்பாலும் கை பலமே போதும். ஆல்டர்னேட்டர் உள்ள கார் என்றால் இன்னும் கவனம்: புல்லி இருக்கும் முன்பக்க அலுமினியத் தாங்கியில் மட்டுமே, அதுவும் மரக்கட்டையால் மெதுவாக நெம்பலாம். உடலிலோ பின்பக்கத்திலோ நெம்பினால் விரிசல் விடும். கீழ்ப் பட்டையை முதலில் இறுக்கி, தொய்வை மறுபடி அளந்து பார்த்துவிட்டு, மேலே உள்ள போல்ட்களை இறுக்குங்கள்.

பெண்களின் காலுறையைக் கட்டி ஓட்டலாமா?

பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வைத்தியம் இது. அறுந்த பெல்ட்டுக்குப் பதில் நைலான் காலுறையை முறுக்கிக் கட்டி வீடு வந்து சேர்ந்ததாகப் பலர் சொல்வார்கள். நன்றாக இறுக்கிக் கட்டினால், பம்ப் மட்டும் மெதுவாகச் சுற்றக்கூடும். ஆனால், முடிச்சு புல்லியில் இடறும், வேகம் கூடினால் அறுந்து விசிறியில் சுற்றும். கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. அதைவிட டிக்கியில் ஒரு புது பெல்ட்டும் ஒரு அரை இஞ்ச் ஸ்பேனரும் கிடப்பது மேல்.

எல்லாம் மாட்டியாயிற்றா? பேட்டரியை இணைத்து, டையோ தளர்ந்த ஆடையோ விசிறிப் பக்கம் தொங்காமல் பார்த்துக்கொண்டு எஞ்சினை இயக்குங்கள். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்ததும் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். புது பெல்ட் ஓட ஓடச் சற்று நீளும், பள்ளத்தில் படிந்து உட்காரும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் ஆறியிருக்கும்போது அந்த அரை இஞ்ச்சை மறுபடி ஒருமுறை அழுத்திப் பார்த்து, தேவைப்பட்டால் டைனமோவை இன்னொரு நூல் வெளியே நகர்த்த வேண்டும்.