நிற்கும் கால் சரியானால் நிமிரும் முதுகு

மாலை நிறுவைக்காகக் கொழுந்து மடுவத்தடியில் காத்து நிற்கும் நம் பெண்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் ஒரு காலைத் தளர்த்தி, மறுகாலில் முழுப் பாரத்தையும் போட்டிருப்பார். இன்னொருவர் இடுப்பில் கையை ஊன்றி முதுகைப் பின்னே வளைப்பார். "இடுப்புக் கடுக்குது" என்ற பேச்சே எங்கும் கேட்கும். லயத்துக்கு வந்ததும் எண்ணெய் தேய்க்கிறோம், ஒத்தடம் கொடுக்கிறோம். ஆனால் உடலைத் தாங்கும் பாதத்தை யாரும் பார்ப்பதில்லை.

அத்திவாரம்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உண்டு. அடுப்புக்கு மூன்று கல் போலப் பாதத்துக்கும் மூன்று ஊன்றிடங்கள்: குதிக்கால், பெருவிரலின் அடி, சின்னவிரலின் அடி. மூன்றும் தரையில் படிந்தால் பானை ஆடாது. ஒரு கல் இறங்கினாலோ பானை சாயும். பாதம் உட்பக்கம் சரிந்தால் முழங்காலும் உள்ளே திரும்பும். ஒரு பக்கம் இடுப்பு இறங்கினால், தலையை நேராக வைத்திருக்க முள்ளந்தண்டு வளைந்து கொடுக்கும்.

நேராக நிற்கும்போது உடலின் பாரம் கணுக்காலுக்குச் சற்று முன்னே விழுகிறது. நாம் முன்னே சரியாதபடி கெண்டைக்கால் தசை ஓயாமல் இழுத்துப் பிடிக்கிறது. சும்மா நிற்பதும் ஒரு வேலைதான்!

மலையும் வாளியும்

சமதரை வயலில் நின்று பழகியவர்கள் மலைக்கு வந்ததும் கால் வலிப்பதற்குக் காரணம் இதுவே. சரிவில் குறுக்காக நிற்கும்போது மேட்டுப்பக்கக் கால் மடங்குகிறது. பள்ளத்துக் கால் நீண்டு நிற்கிறது. மலையைப் பார்த்து நின்றால் கெண்டைக்கால் இழுபடுகிறது. இதற்கு மேல் தலைக்கயிற்றில் தொங்கும் கூடையின் பாரம் பின்னே இழுக்க, கழுத்தும் உடலும் முன்னே குனிகின்றன.

இறப்பர் மலையில் வேறு கதை. பட்டை வெட்ட வெட்ட வெட்டுவாய் ஆண்டுதோறும் கீழே இறங்கும். வெட்டுபவரின் முதுகும் கூடவே இறங்கும். பால் வாளியை ஒரே கையில் தூக்கினால் உடல் மறுபக்கம் சாயும்.

வலி சொல்லும் செய்தி

கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர் வைத்தியர் போல் பிராண்ட். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரிடையே பணியாற்றினார். அவர்களின் பாதங்களில் புண் வருவது சதை தானாக அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால் என்று அவர் கண்டார். உணர்வுள்ளவர்கள் ஓரிடம் நோகும்போது தம்மை அறியாமலே பாரத்தை மாற்றிக்கொள்கிறோம். உணர்வற்ற பாதமோ ஒரே இடத்தில் அழுந்திப் புண்ணாகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. அவர்கள் தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். மரத்த காலில் புண் கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

• பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் உங்கள் பாரம் அந்தப் பக்கம் விழுகிறது.

• ஈரக் காலுடன் சீமெந்துத் தரையில் மிதியுங்கள். முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப் பாதம். வலி இல்லையேல் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

• நிற்கும்போது பாதங்களை இடுப்பகலம் விரித்து வையுங்கள். முழங்காலை விறைக்காதீர்கள்.

• சரிவில் ஒரே பக்கமாக நில்லாமல், முடிந்தபோதெல்லாம் திரும்பி நின்று கால்களை மாற்றுங்கள்.

• தாழ்ந்த வெட்டுக்கு முதுகை வளைக்காமல் முழங்காலை மடியுங்கள். பாலை இரண்டு சிறு வாளிகளில் பகிர்ந்து தூக்குங்கள்.

• காத்து நிற்கும் வேளையில் கூடையை இறக்கி வையுங்கள்.

• மாலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து முறை குதிக்காலை உயர்த்தி இறக்குங்கள்.

இவையெல்லாம் நம் கையில் உள்ளவை. ஆனால் வழுக்கும் மலைப்பாதைக்குப் படி வெட்டுவதும், நிறுவைக்கு நிற்பவர் உட்கார ஒரு வாங்கு போடுவதும் தனி ஆளின் வேலை அல்ல. அவற்றைச் சங்கத்தின் மூலம் ஒன்றாகக் கேளுங்கள். முதுகு நோகிறது என்பவளைச் சோம்பேறி என்று சொல்லுமுன், அவள் எந்தத் தரையில், எந்தப் பாரத்துடன் நிற்கிறாள் என்று பார்ப்போம்.