விசில் ஊதுமுன் ஓர் எழுத்துப் பரீட்சை

உதைபந்தாட்டப் போட்டியொன்றில் விசில் ஏந்தி நிற்பவர் ஒருவரே. ஆயினும், எல்லைக்கு வெளியே நின்று பார்க்கும் ஒவ்வொருவரும் தம்மையும் ஒரு மத்தியஸ்தராகவே எண்ணிக் கொள்கின்றனர். "ஓப்சைட்!" என்றும் "பெனல்டி!" என்றும் கூக்குரலிடும் அவர்களிடம் தாளும் பேனாவும் கொடுத்து, அவ்விதியை எழுதித் தருமாறு கேட்டால் எத்தனை பேர் தேறுவர்?

மத்தியஸ்தராக விரும்புபவர் ஓட்டத்தில் வல்லவராயிருந்தால் மட்டும் போதாது. விதிகள் பற்றிய எழுத்துப் பரீட்சையிலும் சித்தியடைதல் வேண்டும். உதைபந்தாட்டத்தின் விதிகள் 17. 1886ஆம் ஆண்டில் தோன்றிய சர்வதேசச் சபையொன்றே இன்றும் அவற்றைப் பேணித் திருத்தி வருகின்றது. பதினேழுதானே என்று எண்ணி அலட்சியமாகச் செல்பவர், முதல் வினாவிலேயே திகைத்து நிற்பர்.

பக்கக் கோட்டிலிருந்து கையால் எறியப்பட்ட பந்து, எவர் மீதும் படாமல் எதிரணியின் கோலுக்குள் புகுந்து விடுகின்றது. தீர்ப்பு யாது? அது கோல் அன்று. எதிரணிக்குக் கோல் உதை வழங்கப்படும். அதே பந்து எறிந்தவரின் சொந்தக் கோலுக்குள் நேரே புகுந்தால்? அதுவும் கோல் அன்று. எதிரணிக்கு மூலை உதை. அவ்வாறு எறிந்த பந்தை நேரே பெறும் வீரர், எதிரணியினர் அனைவரையும் கடந்து நின்றால்? ஓப்சைட் ஆகாது. பல ஆண்டுகள் பந்தாடியவர்களும் இங்கே இடறுவதுண்டு. பழக்கம் ஒன்று சொல்லும். விதி வேறொன்று சொல்லும்.

நல்ல விடை மூன்று பகுதிகளைக் கொண்டது. ஆட்டம் எவ்வாறு மீண்டும் தொடங்கும்? எவ்விடத்திலிருந்து தொடங்கும்? எந்த வீரருக்கேனும் எச்சரிக்கையோ வெளியேற்றமோ உண்டா? இம்மூன்றில் ஒன்று பிழைத்தாலும் தீர்ப்பு முழுமை பெறாது.

இஃது ஏட்டுச் சுரைக்காய் என்று கருதுவோர் 2005ஆம் ஆண்டு நிகழ்ந்ததை அறிதல் நன்று. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரேனும் தாஷ்கண்ட் நகரில் மோதின. ஒரு கோலால் முன்னின்ற உஸ்பெகிஸ்தான், பெனல்டி உதையொன்றையும் கோலாக்கியது. ஆனால் பந்து உதைக்கப்படுமுன்னரே அவ்வணி வீரரொருவர் தண்டப் பரப்பினுள் நுழைந்து விட்டார். அன்றைய விதிப்படி அவ்வுதையை மீண்டும் எடுக்கச் செய்திருத்தல் வேண்டும். மத்தியஸ்தரோ பஹ்ரேனுக்கு நேரில் உதையொன்றை வழங்கினார். உஸ்பெகிஸ்தான் 1-0 என வென்ற அப்போட்டியைச் சர்வதேசச் சம்மேளனம் செல்லாததாக்கி, மீண்டும் நடத்தப் பணித்தது. மறு ஆட்டம் 1-1 எனவும், பஹ்ரேனில் நடந்த அடுத்த ஆட்டம் கோலின்றியும் முடிந்தன. எதிரணியின் மண்ணில் பெற்ற கோலின் பயனாகப் பஹ்ரேன் அடுத்த கட்டத்திற்குச் சென்றது. வென்று நின்ற நாடு வெளியேறியது. ஒரு விதியை மாற்றிப் பிரயோகித்ததன் விளைவு அது!

மாணவ நண்பர்களே, இப்பரீட்சைக்கு ஆயத்தமாவது கடினமன்று. விதிகளை நாளுக்கு ஒன்றாகப் படியுங்கள். தாளில் மைதானத்தை வரைந்து, புளியங்கொட்டைகளை வீரர்களாக வைத்து, தம்பி தங்கையரை வினாத் தொடுக்கச் சொல்லுங்கள். விடையை வாயாற் சொல்வதோடு நில்லாது எழுதிப் பாருங்கள். அப்பொழுதுதான் நாம் அறிந்ததாக எண்ணியிருந்தது எவ்வளவு, உண்மையில் அறிந்தது எவ்வளவு என்பது புலப்படும்.

ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால், தாம் வழங்கிய தீர்ப்பை மத்தியஸ்தர் மாற்ற இயலாது என்பதும் விதிகளுள் ஒன்று. பரீட்சைத் தாளிற் செய்த பிழை சில புள்ளிகளோடு போய்விடும். மைதானத்திற் செய்த பிழையோ இருபத்திரண்டு பேரின் உழைப்பைப் பாதிக்கும். ஆதலின், பிழை விடுவதற்கு உரிய இடம் பரீட்சைத் தாளே.