வாடகை தரும் நாள்

போடிநாயக்கனூரில் வீடு வாடகைக்கு விட்டிருப்போர் பலர், மாதம் பிறந்து ஐந்து நாட்களுக்குள் வாடகை கைக்கு வந்துவிட வேண்டுமென்று எதிர்பார்ப்பது வழக்கமாயினும், அங்கே குடியிருப்போரின் வருமானம் அந்த ஐந்து நாட்களுக்குள் அடங்குவதில்லை. போடிமெட்டு வழியே பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்பேறிச் செல்வோரில் பலர் வாரக்கூலி வாங்குகிறவர்கள். மலைச்சரிவில் சொற்ப நிலத்தில் ஏலம் பயிரிடுவோர்க்கோ காய் எடுப்பே கணக்கு. ஏலச்செடியில் காய்கள் ஒருசேர முதிர்வதில்லையாதலால், ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசிவரை ஏறத்தாழ 40 நாட்களுக்கு ஒரு சுற்றாக எடுத்து, ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் இரவும் பகலும் சூடேற்றி உலர்த்தி, ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்கிய பிறகே, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்திற்காகப் போடிக்கோ புற்றடிக்கோ அது போய்ச் சேரும். விலை படிந்த பின்னும் பணம் வரச் சில நாள் பொறுத்திருக்க வேண்டும்.

மாதச் சம்பளக்காரர் நிலையும் வேறல்ல. ஆயிரம் பேருக்குக் குறைந்த நிறுவனங்களில் 7-ஆம் தேதிக்குள்ளும், ஏனையவற்றில் 10-ஆம் தேதிக்குள்ளும் சம்பளம் தரவேண்டும் என்பதே 2025 வரை அமலிலிருந்த 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வகுத்திருந்த விதி. ஆகவே, கிட்டங்கியில் கணக்கெழுதும் ஒருவர் வீட்டுக்கார அம்மாளிடம் வந்து, "அக்கா, அஞ்சாம் தேதிக்குப் பதிலா பதினஞ்சாம் தேதி வாங்கிக்கிருங்க" என்று கேட்டால், அதைப் பாக்கி வைப்பதற்கான பீடிகை என்று சந்தேகிப்பது நியாயமன்று. பாக்கி வைக்க நினைப்பவர் பெரும்பாலும் தேதி கேட்டு வருவதில்லை. கேட்டு வருகிறவர் தம் நாணயத்தைக் காக்கவே வருகிறார் என்பது என் திடமான நம்பிக்கை.

சம்மதிப்பதற்கு முன் தெளிவு பெற வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. செலுத்தும் நாள் மட்டும் மாறுகிறதா, வாடகை மாதமே மாறுகிறதா? வாடகை ரூ.6,000 என்று கொள்வோம். ஒன்றாம் தேதி முதல் மாதக் கடைசி வரையென்ற கணக்கு அப்படியே இருக்க, பணம் தரும் நாள் மட்டும் 5-லிருந்து 15-க்குத் தள்ளிப் போனால், ஒரு காசும் கூடுதலாகக் கேட்க இடமில்லை. வீட்டுக்காரர் பத்து நாள் காத்திருப்பதும் முதல் தடவை மட்டுமே, ஏனெனில் அதன்பின் ஒரு பதினைந்துக்கும் மறு பதினைந்துக்கும் இடையே ஒரு மாதந்தான். அவ்வாறன்றி, 5-ஆம் தேதி தொடங்கிவந்த வாடகை மாதமே இனி 15-இல் தொடங்குமென்று முடிவானால், இடைப்பட்ட பத்து நாட்களுக்கு, நாளொன்றுக்கு ரூ.200 வீதம், ரூ.2,000 ஒரேயொரு முறை செலுத்தப்பட வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, தேதி மட்டும் மாறியதற்குப் பத்து நாள் வாடகையை அதிகமாக வாங்கிவிட்டு, இரு தரப்பும் மனஸ்தாபப்பட்டு நிற்பதுண்டு.

வாய்ப்பேச்சோடு விடலாகாது என்பதற்குச் சட்டமும் காரணம். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒப்பந்தத்தில் நாள் குறிக்கப்படாவிடில் அடுத்த மாதத்தின் கடைசி நாள்வரை அவகாசம் தந்தது. அதற்குப் பதிலாக வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் அமலிலிருக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டமோ எழுத்துமூல ஒப்பந்தத்தையே ஆதாரமாகக் கொள்கிறது. இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீஸ் பெற்று ஒரு மாதமாகியும் செலுத்தாதவரை வெளியேற்றக் கோருவதற்கும் அது வழிசெய்கிறது. பத்திரத்தில் 5 என்றும் பழக்கத்தில் 15 என்றும் இருந்தால், பின்னாளில் உறவு கசக்கும்போது அந்தப் பழைய 5 எழுந்து வந்து சாட்சி சொல்லும். எந்த மாதம் முதல் எந்தத் தேதி, இடைநாள் தொகை உண்டா இல்லையா, மற்ற நிபந்தனைகள் மாறவில்லை என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு ஒப்பந்தத்தோடு இணைத்துவைப்பதும், ரசீதில் எந்த மாதத்து வாடகை என்று குறிப்பதும் அவசியம்.

வீட்டுக்காரருக்கும் நிர்ப்பந்தங்கள் உண்டு. வாடகையையே ஜீவனமாகக் கொண்ட விதவைத் தாயாரும், 10-ஆம் தேதி வங்கித் தவணை கட்ட வேண்டியவரும் மறுப்பதில் குற்றமில்லை. அவர்கள் 5-இல் பாதி, 15-இல் பாதி என்று கேட்டுப் பார்க்கலாம். தோட்டக்காரக் குடித்தனக்காரராயின், எடுப்புக் காலத்தில் பணம் வந்தவுடன் இரண்டு மூன்று மாத வாடகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, காயில்லாத பங்குனி, சித்திரையில் அதைக் கழித்துக்கொள்வது இரு வீட்டாருக்கும் சௌகரியமானது.