மருந்தின் விலையும் சர்க்காரின் கடமையும்

மருந்து வியாபாரத்தைச் சந்தையின் போக்கிற்கே விட்டுவிடுவதா, அல்லது சர்க்கார் அதனைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வதா என்னும் விவாதம் நமது தேசத்தில் ஓய்ந்தபாடில்லை. விலைக்கு உச்சவரம்பு விதிக்கப்படும்போதெல்லாம் தொழில் நசித்துவிடுமென்று மருந்து முதலாளிகள் ஓலமிடுகிறார்கள். வரம்பு தளர்த்தப்படும்போதெல்லாம் ஏழைகளின் கழுத்து நெரிக்கப்படுகிறதென்று மறுதரப்பினர் முழங்குகிறார்கள். இரு தரப்பாரின் வாதத்திலும் ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இவ்விரு வழிகளையும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மாறி மாறிப் பரீட்சித்துப் பார்த்த தேசம் நம்முடையது. அந்த அனுபவமாகிய சாட்சியத்தை விசாரியாமலே இரு கட்சியாரும் தீர்ப்புக் கூற முற்படுகிறார்கள். அச்சாட்சியத்தைப் பொதுஜன ஊழியர்களின் முன் வைப்பது அவசியமென்று நாம் கருதுகிறோம்.

சுயேச்சைச் சந்தையை ஆதரிப்போரின் வாதம் சுருக்கமானது. விற்பவர் பலர் இருந்தால் போட்டி உண்டாகும்; போட்டியினால் விலை குறையும்; சரக்கும் சீர்படும் என்பார்கள். அரிசிக்கும் துணிக்கும் இது பொருந்தும். வாங்குகிறவன் கையில் எடுத்துப் பார்க்கிறான். பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறான். மருந்தின் கதை வேறு. உண்பவன் ஒருவன், தேர்ந்தெடுப்பவன் வேறொருவன். டாக்டர் எழுதிக் கொடுக்கிறார், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார், நோயாளி பணத்தைக் கொடுக்கிறான். மாத்திரையினுள் இருப்பது இன்னதென்று அறிய அவனுக்கு யாதொரு வழியும் இல்லை. இன்று வேண்டாம், நாளைக்கு வாங்கிக்கொள்வோம் என்று தள்ளிவைக்கவும் அவனால் இயலாது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த அறியாமையையும் நிச்சயமின்மையையுமே வைத்தியச் சந்தைக்குரிய தனிக் குணங்களாக எடுத்துக்காட்டினார்.

சட்டமற்ற சந்தை என்ன செய்யும் என்பதற்கு அவருடைய தேசத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1937-ல் அங்கே ஒரு கம்பெனி, சல்பனிலமைடு என்னும் மருந்தை டைஎதிலின் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து விற்றது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். அவர்களில் குழந்தைகள் பலர். விற்குமுன் பரிசோதிக்க வேண்டுமென்று அப்போது சட்டம் இல்லை. 'எலிக்ஸிர்' என்று பெயரிட்டுவிட்டு அதில் மதுசாரம் சேர்க்காமல் விட்டதே அக்கம்பெனியின் மீது சாட்டக்கூடிய குற்றமாக இருந்தது! மறு ஆண்டே, 1938-ல், மருந்தின் தீங்கின்மையை விற்பனைக்கு முன்னரே நிரூபிக்க வேண்டுமென்று அமெரிக்கா சட்டம் இயற்றிற்று. தனி முதலாளிகளின் சுதந்திரத்தைப் போற்றும் தேசமே இவ்விஷயத்தில் சர்க்காரின் கையை நாட வேண்டியதாயிற்று.

இனி நமது தேசத்திற்கு வருவோம். அந்நிய ஆட்சியினர் 1911-ல் இயற்றிய பேடெண்டுச் சட்டம் சுதந்திரத்திற்குப் பிறகும் நெடுங்காலம் இங்கே அமுலில் இருந்தது. அதன் நிழலில் அந்நியக் கம்பெனிகள் வைத்ததே விலையாக இருந்தது. சென்னை ஹைகோர்ட்டு நீதிபதியாக இருந்த ஸ்ரீ என். ராஜகோபால ஐயங்கார் 1959-ல் சமர்ப்பித்த அறிக்கை இந்த நிலையை அம்பலப்படுத்திற்று. இந்தியாவில் வழங்கப்பட்ட பேடெண்டுகளில் மிகப் பெரும்பாலானவை அந்நியருடையவை. அவற்றில் பெரும்பகுதி இத்தேசத்தில் தொழிலாக நடத்தப்படவே இல்லை. பிறர் செய்வதைத் தடுப்பதற்கே அவை பயன்பட்டன என்று அவர் தெளிவாக்கினார். அவ்வறிக்கையை அடிப்படையாகக் கொண்டு 1970-ல் நிறைவேறி 1972-ல் அமுலுக்கு வந்த சட்டம், மருந்துப் பொருளின் மீது பேடெண்டு கிடையாது, செய்முறையின் மீது மட்டுமே உண்டு என்று விதித்தது.

இதன் விளைவை இரு கட்சியாரும் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரே மருந்தை வேறு செய்முறையில் தயாரிக்க நமது ரசாயன நிபுணர்கள் முனைந்தனர். கம்பெனிகள் பெருகின, உண்மையான போட்டி அப்பொழுதுதான் பிறந்தது. 2001-ல் எய்ட்ஸ் நோய்க்கான மூன்று மருந்துகளை ஓர் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாகப் பம்பாயின் சிப்லா கம்பெனி முன்வந்தது. மேல்நாட்டுக் கம்பெனிகள் அதற்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆப்பிரிக்காவில் எண்ணற்ற உயிர்கள் பிழைப்பதற்கு வழி திறந்துவிட்டது அந்தப் போட்டியே. ஆனால் அந்தப் போட்டிக்கு இடம் செய்து கொடுத்தது சர்க்காரின் சட்டம். பேடெண்டு என்பதே சர்க்கார் வழங்கும் ஏகபோக உரிமை. அதைச் சுயேச்சைச் சந்தை என்று அழைப்பது சொற்பிழையாகும்.

உலக வர்த்தக ஸ்தாபனத்தின் உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டு 2005-ல் மருந்துப் பொருளுக்கு மீண்டும் பேடெண்டு வழங்க இசைந்தோம். ஆயினும் பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதியதென்று உரிமை கொண்டாடுவதைத் தடுக்க, 3(டி) என்னும் பிரிவைப் பார்லிமெண்டு சேர்த்து வைத்தது. ரத்தப் புற்றுநோய்க்குரிய கிளீவெக் மருந்திற்கு நோவார்ட்டிஸ் கம்பெனி கோரிய பேடெண்டை 2006-ல் சென்னைப் பேடெண்டு ஆபீஸ் மறுத்தது. அப்பிரிவு அரசியல் சட்டத்திற்கு முரணானது என்ற வாதத்தைச் சென்னை ஹைகோர்ட்டு 2007-ல் தள்ளிற்று. 2013 ஏப்ரல் முதல் தேதியன்று சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியின் அப்பீலை நிராகரித்தது. மாதத்திற்கு லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும் என்றிருந்த மருந்தை அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு நமது கம்பெனிகள் தொடர்ந்து விற்க முடிந்தது.

இன்னொரு வழக்கு இதனினும் நேரானது. கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்கான நெக்ஸவார் என்ற மருந்துக்குப் பேயர் கம்பெனி மாதம் ஏறக்குறைய 2,80,000 ரூபாய் வாங்கிற்று. 2012-ல் பேடெண்டுக் கண்ட்ரோலர் ஹைதராபாத் நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய லைசென்ஸ் அளித்தார். விலை 8,800 ரூபாய்க்கு இறங்கிற்று. பேடெண்டு உடையவருக்கு ராயல்டியும் உண்டு. எவர் சொத்தும் பறிபோகவில்லை. பின்னர் 2013-லும் 2016-லும் வேறு மருந்துகளுக்காக வந்த மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. உறையிலிட்ட வாளைப் பார்த்து எவரும் அஞ்சப் போவதில்லை.

அப்படியானால் எல்லா மருந்துக்கும் சர்க்காரே விலை நிர்ணயித்துவிடலாமே என்று சில நண்பர்கள் கேட்கலாம். அதையும் நாம் செய்து பார்த்தோம். 1979-ல் 347 மூல மருந்துகள் விலைக் கட்டுப்பாட்டில் இருந்தன. 1995-ல் அவை 74 ஆகச் சுருங்கின. கட்டுப்பாட்டிலிருந்த மருந்தைக் கைவிட்டு, அதற்குள் வராத மருந்துக்கும், வேண்டாத கூட்டு மருந்துக்கும் கம்பெனிகள் தாவின. 2013-ல் புதிய உத்தரவு வந்தது. அது உற்பத்திச் செலவை விட்டு, சந்தையில் விற்கும் விலைகளின் சராசரியையே வரம்பாக்கிற்று. ஏற்கெனவே மிகுந்திருக்கும் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் மிகுதியே வரம்பாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

2017 பிப்ரவரியில் இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு விதித்த வரம்பு மட்டும் பாராட்டத்தக்க பலன் தந்தது. நோயாளியிடம் லட்சத்திற்கு மேல் வாங்கப்பட்டு வந்த மருந்து பூசிய ஸ்டென்டின் விலை 29,600 ரூபாயாயிற்று. இடையில் நின்று கொள்ளை லாபம் அடித்தவர் எவர் என்பதும் வெளியாயிற்று. எனினும் சில அந்நியக் கம்பெனிகள் தம் உயர்ரக ஸ்டென்டுகளை வாபஸ் பெற அனுமதி கோரின. ஆகவே உச்சவரம்பு என்பது சத்திர சிகிச்சை போன்றது. உயிர் காக்கும் பொருளுக்கு, வேறு வழியில்லாதபோது செய்யத்தக்கது. அதுவே அன்றாட ஆகாரம் ஆகிவிட முடியாது.

சர்க்காரே ஆலை வைத்து நடத்தினால் என்ன? பிம்பிரியில் 1954-ல் தோன்றிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸும், 1961-ல் தோன்றிய ஐ.டி.பி.எல். நிறுவனமும் தேசத்திற்கு மருந்துத் தொழிலைக் கற்றுக்கொடுத்தன. அந்த நன்றியை நாம் மறக்கலாகாது. ஆனால் ஐ.டி.பி.எல். 1992-ல் நலிவுற்ற தொழிலாக அறிவிக்கப்பட்டது. பென்சிலின் முதலிய மூலப்பொருள்களுக்குச் சீனாவைக் கையேந்தும் நிலை வந்து, அதனை மாற்ற 2020-ல் தனி முதலாளிகளுக்கு ஊக்கத்தொகை அளிக்கும் திட்டம் வகுக்க வேண்டியிருந்தது.

இரண்டிற்கும் நடுவே ஒரு மூன்றாவது வழியை நமது தமிழ்நாடே காட்டியிருக்கிறது. 1994-ல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து செய்வதில்லை, வாங்குகிறது. மாகாணத்து சர்க்கார் ஆஸ்பத்திரிகள் அனைத்திற்கும் வேண்டிய மருந்துகளை, வியாபாரப் பெயர்களை நீக்கி மூலப்பெயரால் பட்டியலிட்டு, பகிரங்க டெண்டர் கோருகிறது. முதலில் கம்பெனியின் தகுதியைப் பார்த்த பிறகே விலைக் கவரைப் பிரிக்கிறது. வந்த சரக்கின் மாதிரியை, செய்தவர் பெயர் தெரியாதபடி மறைத்து ரசாயனசாலைக்கு அனுப்புகிறது. மாவட்டந்தோறும் கிடங்கு இருக்கிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனக்கு ஒதுக்கிய தொகைக்குப் பாஸ்புத்தகத்தைக் காட்டி வேண்டியதைப் பெற்றுக்கொள்கிறது. ராஜஸ்தானும் 2011-ல் இம்முறையைத் தழுவியே இலவச மருந்துத் திட்டம் வகுத்தது. கடைவீதியில் பல கம்பெனிகள் இருந்தும் இறங்காத விலை இங்கே இறங்குவதன் காரணம் வெளிப்படை. இங்கே வாங்குகிறவனுக்குச் சரக்கும் தெரியும், விலையும் தெரியும், வேண்டாமென்று சொல்லும் பலமும் உண்டு. நோயாளி தனியே நின்று செய்ய முடியாததை அவன் பொருட்டு சர்க்கார் செய்கிறது.

இதைக் கண்டு நாம் மார்தட்டிக்கொள்வதற்கும் இல்லை. 2025-ல் நமது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராப் பகுதியில் பச்சிளங் குழந்தைகள் பலர் மாண்டனர். அதில் கலந்திருந்தது 1937-ல் அமெரிக்காவில் உயிர் குடித்த அதே டைஎதிலின் கிளைக்கால். பரிசோதித்த மாதிரியில் நூற்றுக்கு 48 பங்குக்கு மேல் இருந்தது. சட்டம் இருந்தது, லைசென்ஸும் இருந்தது. தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்க்கும் கண் மட்டும் உரிய காலத்தில் இல்லை. கட்டுப்பாடு என்பதைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, களத்தில் உறங்கும் சர்க்கார், கட்டுப்பாடே இல்லாத சர்க்காரைவிட அபாயகரமானது. ஏனெனில் அதன் முத்திரையை நம்பியே தாய்மார்கள் மருந்தைப் புகட்டுகிறார்கள்.

ஆகவே நமது கோரிக்கைகள் நான்கு. மருந்தைப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டர்களையும் ரசாயனசாலைகளையும் சர்க்கார் பன்மடங்கு பெருக்க வேண்டும். பரிசோதனை முடிவுகளைக் கம்பெனியின் பெயரோடு ஜனங்களுக்கு வெளியிட வேண்டும். 3(டி) பிரிவை எந்த வர்த்தக உடன்படிக்கைக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அவசியம் நேர்ந்தால் கட்டாய லைசென்ஸ் அளிக்கத் தயங்கலாகாது. தமிழ்நாட்டின் கொள்முதல் முறையை எல்லா மாகாணங்களும் மேற்கொள்ள வேண்டும். விலை வரம்பை, உயிர் காக்கும் மருந்துகளுக்கும் ஏகபோகச் சரக்குகளுக்கும், உற்பத்திச் செலவை ஆதாரமாகக் கொண்டு விதிக்க வேண்டும். எஞ்சியவற்றில் போட்டியே அரசு செலுத்தட்டும்.

தேசத்தின் மொத்த வைத்தியச் செலவில் குடும்பங்கள் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14-ல் நூற்றுக்கு 64.2 ஆக இருந்து, 2021-22-ல் 39.4 ஆகக் குறைந்ததென்று சர்க்காரின் கணக்கே கூறுகிறது. குறைந்தது நல்லதே. ஆயினும் நூற்றில் நாற்பது பங்கு இன்னும் நோயாளியின் மடியிலிருந்தே வருகிறது. தாலியை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் வருகிறது. தேச ஊழியர்கள் தத்தம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, மருந்துப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். இல்லாத மருந்து எது, ஏன் இல்லை என்று எழுத்து மூலம் கேட்கட்டும். சந்தையா, சர்க்காரா என்று மேடையில் தர்க்கிப்பதைவிட அந்த ஒரு கேள்வி ஏழை நோயாளிக்கு அதிகப் பயன் தரும்.